அக்கா பெயர் எழுதிய டப்பா

சாயங்காலமானால் கனகவல்லிக்கு உடம்பு சுட்டது. இருமல் தொடங்கி மூன்று மாதம். தை மாதத்தில் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டதால், அஸ்தினாபுரத்து வீட்டில் யாரும் அதை வாய்விட்டுப் பேசவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் மார்கழியில் காசநோய் கிளினிக்கிலிருந்து செல்வமேரி சிஸ்டர் வீடு வீடாக வந்தார். விடாத இருமல் யாருக்காவது உண்டா என்று அவர் வாசலில் கேட்டபோது, உள்ளேயிருந்து கனகவல்லி இருமினாள். சளியைச் சோதிக்க வேண்டும் என்று செல்வமேரி ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார்.

"கல்குவாரித் தூசு சிஸ்டர்," என்றாள் அம்மா அஞ்சம்மாள். "எங்க வூட்ல எச்சில் முழுங்கவே நேரமில்ல. நீ வேற டப்பால துப்பச் சொல்லிகினு கீறே."

"துப்பிட்டு மிச்சத்தை முழுங்குங்கம்மா," என்று சிரித்த செல்வமேரி, டப்பாவில் கனகவல்லியின் பெயரை எழுதி ஒட்டினார். "காலைல எழுந்ததும் நெஞ்சிலேருந்து வர சளி வேணும். ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். நோய் இருந்தாலும் பயமில்ல. ஒன்றரை வருஷம் ஊசி, மாத்திரை. வீட்டிலேயே இருந்து குணமாகிடலாம்."

அஞ்சம்மாளின் காதில் ஒன்றரை வருஷம் என்பது மட்டுமே விழுந்தது.

மறுநாள் காலையில் கனகவல்லி சொன்னபடி செய்துவிட்டுக் குளிக்கப் போனாள். அஞ்சம்மாள் டப்பாவைக் கொல்லையில் கொட்டி, வெந்நீர் விட்டுக் கழுவி, சின்னவள் சரோஜினியிடம் நீட்டினாள்.

"நீ துப்புடி."

"அம்மா, இதுல அக்கா பேரு இருக்கு."

"பேரு இன்னா பண்ணும்? மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா இந்தக் கல்யாணம் நிக்கும். அப்பால உன்னை எவன் கட்டுவான்?"

சரோஜினிக்கு வயது பத்தொன்பது. அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவள் கை நீண்டது.

ஒரு வாரத்தில் கிருமி இல்லை என்று சீட்டு வந்தது. "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமே," என்றார் செல்வமேரி. கல்யாணம் முடியட்டும் என்றாள் அஞ்சம்மாள். கனகவல்லியோ அந்தச் சீட்டை நாலு தடவை படித்தாள்.

"வெறும் சளிதான் சரோ. நான்தான் நடுங்கிட்டே இருந்தேன்," என்று தங்கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். முகூர்த்தப் புடவைக்கு அடியில் சீட்டைப் பத்திரப்படுத்தினாள்.

தையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பக்தவச்சலம் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். மேடவாக்கத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய்வருவான். திரும்பும்போது மனைவிக்கென்று தினமும் ஏதாவது வாங்கி வருவான். டாக்டரிடம் போகலாம் என்று அவன் அழைத்தபோதெல்லாம் அவள் சீட்டை எடுத்துக் காட்டினாள். டெஸ்ட் பண்ணியாச்சு, ஒன்றுமில்லை. அவனும் நம்பினான். அவளே நம்பியிருக்கும்போது அவன் எப்படி நம்பாமல் இருப்பான்?

ஆடியில் ரத்தமாக இருமினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு நுரையீரலும் அரித்துப்போயிருந்தன. மருந்து கொடுக்கிறோம், ஆனால் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர்.

சரோஜினி பார்க்கப் போன அன்று அக்காவின் கைவளையல்கள் முழங்கை வரை சரிந்து கிடந்தன.

"ஒண்ணு யோசிச்சுட்டே இருக்கேன் சரோ," என்றாள் கனகவல்லி, மூச்சு வாங்கி வாங்கி. "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒண்ணுமில்ல. அப்போ அங்க போய்த்தானே ஒட்டிக்கிச்சு? அத்தை பாவம். நம்ம வூட்டுக்கு வந்துதான் பொண்ணுக்கு இப்படி ஆச்சுன்னு தினம் அழறாங்க."

எதையும் சொல்லும் எண்ணத்தோடு சரோஜினி வந்திருக்கவில்லை. அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலையில் நடந்தது முழுவதையும் சொன்னாள். அம்மா சொன்னதையும், தன் கல்யாணத்தை நினைத்துத் தான் பயந்ததையும்கூட.

கனகவல்லி பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அவர்கிட்ட நீயே சொல்லிடு. அத்தை அழக்கூடாது," என்றாள்.

பக்தவச்சலம் வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தான். சரோஜினி தலை நிமிராமல் சொல்லி முடித்தாள். அடிப்பான், திட்டுவான் என்று நின்றாள்.

"எவ்ளோ நாள் மருந்துன்னாங்க அந்த சிஸ்டர்?"

"ஒன்றரை வருஷம், மாமா."

அவன் ஃபிளாஸ்க் மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"காத்துகினு இருந்திருப்பேனே," என்றான். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே எனக்கு அவளைத் தவிர வேற யாரும் வேணாம்னு ஆயிடுச்சு. ஒன்றரை வருஷம் இன்னா பெரிசு?"

சரோஜினி அப்போதுதான் விம்மினாள்.

"டப்பா விஷயம் அவளுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் சொன்னேன்."

"அப்போ வழி விடு. தனியா படுத்து அழுதுகினு இருப்பா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். சரோஜினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான். கனகவல்லி இன்னும் சுவர்ப்பக்கமே பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு அவன் சட்டையைப் பிடித்திருந்தது.