தலைக்கு ஒரே நம்பர்

1

என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் உஷாராணி. மலாக்காவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுக்கிறேன். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

முதல் வரி இப்படி இருந்தது: ‘1996, அடைமழை. ராஜம்மா தன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு…’ அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். பிள்ளை தானாகவே நடந்து வந்தாள்.

2

ராஜம்மா டுரியான் துங்கால் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர். ஐந்து வயது மகள் தாரணி ஊஞ்சலிலிருந்து விழுந்து, தலைவலி என்று அழுது, இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். டாக்டர் ஸ்கேன் எழுதினார். அது சரிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் மிசின் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். தலை, நெஞ்சு, வயிறு, எதிரே நம்பர்கள். உடம்புக்குள் செலுத்தும் எக்ஸ்ரே கதிரின் அளவு அது. பிள்ளைகளுக்கென்று தனி வரிசை கிடையாது. அவளுக்கு முன்னால் படுத்த லோரி டிரைவர் வீரமுத்துவுக்குப் போட்ட அதே நம்பரைத் தாரணிக்கும் போட்டேன். படம் தெளிவாக வந்தது. தலைக்குள் ஒன்றுமில்லை. டாக்டர் பாராட்டினார், நானும் பூரித்துப் போனேன்.

3

அடுத்த மாதம் மிசினைச் சரிபார்க்க அஸ்லாம் வந்தார். காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“சின்னப் புள்ளைக்கும் இதே நம்பரா?”

“படம் நல்லாத்தானே வருது?”

“கூடப் போட்டா படம் நல்லாத்தான்லா வரும். அதான் யாருக்கும் தெரிய மாட்டேங்குது. புள்ளைக்குப் பாதி போதும், உஷா. கொஞ்சம் புள்ளி புள்ளியா இருக்கும், அவ்வளவுதான்.”

(அஸ்லாமை இந்த இடத்தில் வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். அவர் இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று சாதித்துவிடலாம்.)

4

மூன்றாம் மாதம் ராஜம்மா திரும்பி வந்தார். தாரணிக்குப் பழையபடி தலைவலி.

“போன தடவ மிசின்ல படுத்து எந்திரிச்சதும் வலி ஓடிப்போச்சு, மிஸ்ஸி. இன்னொரு தடவ காட்டினா மொத்தமா நின்னுரும்லா? டாக்டர்கிட்ட கெஞ்சி எழுதி வாங்கிட்டேன்.”

ஸ்கேனை அவர் வைத்தியம் என்று நினைத்திருந்தார். அது படம் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும்; சொல்லவில்லை.

முதல் பிரதியில் நான் டாக்டர் அறைக்குள் புகுந்து, ‘இந்தப் பிள்ளைக்கு இது தேவையில்லை’ என்று… பொய். அந்தக் கதவை நான் தட்டியதுகூட இல்லை.

இரண்டாம் பிரதியில் நம்பரைப் பாதியாக்கினேன். என் விரல் அதுவரை போனது உண்மை. படம் புள்ளியாக வந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார், பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடியே பயந்தது அவர் போடும் சத்தத்துக்கு.

அதே நம்பரை அமுக்கினேன். இந்தத் தடவை தெரிந்தே.

5

இது 1999. தாரணிக்கு எட்டு வயது; ஓடுகிறாள், சண்டை போடுகிறாள். அநேகமாக ஒன்றும் ஆகாது. கதிரால் பின்னால் புற்றுநோய் வரும் ஆபத்து மிகச் சின்னது என்று அஸ்லாமும் சொல்கிறார். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல இருபது, முப்பது வருடம் ஆகும். நான் இதற்கு எப்படி முடிவு எழுதுவது? காகிதத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை சேர்த்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

போன ஞாயிறு பசாரில் ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “மறுபடியும் தலவலி, மிஸ்ஸி. ஸ்கூல் லீவுல கூட்டிட்டு வரவா?”

“வேணாம். மொதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணுங்க.”

“ஏன், ஸ்கேன் வேணாம்?”

“அது வந்து…”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

ராஜம்மா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதைப் பக்கத்தை விடமாட்டார். அதனால்தான் இதைக் கதையாக எழுதினேன், பெயர்களையும் மாற்றவில்லை. ராஜம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் நாலாம் பகுதியில் இருக்கிறது. இனி நடக்க வேண்டியதை நீங்கள் முடிவு செய்யுங்கள். திட்டுவதானால் ஸ்கேன் அறைக்கே வாருங்கள். தாரணியை வெளியே உட்கார வைத்துவிட்டு.