ஏரிமண்ணுக்கு நான்கு டயர்

1

இந்தக் கதை எனக்குத் திண்டிவனத்தில், பேருந்து நின்ற இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தடித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஓர் ஊரே பனியில் புதைந்து கிடந்தது. தலையைத் தூக்கினால், சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டயர் கடை. வாசலில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புது டயர் ஒன்றின் பள்ளத்துக்குள் சுண்டுவிரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முன்பக்கம் உயர்ந்த பழைய ஜீப் ஒன்று நின்றது. அவள் முகத்தில் இருந்த கவனத்தை நான் மருத்துவமனைகளில்தான் பார்த்திருக்கிறேன். பேருந்து கிளம்பிவிட்டது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பெயர், தொழில், அந்த டயர் எதற்கு என்பதெல்லாம் நான் இட்டுக்கட்டப்போவது.

(அவளை நான் விழுப்புரத்துக்காரியாக்கப்போகிறேன். விழுப்புரத்துப் பெண்ணுக்கு விழுப்புரத்தில் டயர் கடையா கிடைக்கவில்லை என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். கிடைக்கும். நான் பார்த்தது திண்டிவனத்தில். அந்தக் கடையை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: "கால்நடை மருத்துவர் புனிதாவுக்கு டயர்களைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால்

இல்லை. முதல் வரியிலேயே ஆனால் போடுகிறவனை நான் நம்புவதில்லை.

இரண்டாவது: "வானம் கறுத்துக்கொண்டு

மழையை வைத்துத் தொடங்கினால் எப்படியும் கதை நகர்ந்துவிடும். அந்தச் சுலபம் வேண்டாம்.

மூன்றாவது நின்றது. அதை அப்படியே தருகிறேன்:

சென்ற கார்த்திகையில் ஒரு காலை, பனமலை ஏரிக்குப் பின்னால் போகும் மண்பாதையில் புனிதாவின் ஜீப் சேற்றில் சிக்கியது. வாங்கி மூன்று மாதமான பழைய வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. ஏரிப்பக்கத்து மாடுகளுக்காகவே கடன் சொல்லி வாங்கினாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி பாஞ்சாலியின் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. வயிற்றுக்குள் கன்றின் தலை பின்னால் திரும்பியிருந்தது. புனிதா ஃபோர் வீல் லிவரைப் போட்டாள். மிதித்தாள். சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. கல் அள்ளிப் போட்டாள், பனை மட்டை சொருகினாள், மறுபடி மிதித்தாள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எப்படியும் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கன்று உள்ளேயே இறந்திருந்தது. பசுவும் மதியம் தாண்டவில்லை. பாஞ்சாலி அடுப்பை மூட்டி, டாக்டர் கால் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்த வெந்நீரை எழுதி முடித்ததும் புனிதா எனக்குப் பிடிபட்டாள். ஒரு வருடமாக அவள் டயர்களைப் பற்றியே யோசிக்கிறாள். பழைய டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது, அதனால்தான் வண்டி சிக்கியது என்று நம்புகிறாள். சரியான டயர் இருந்திருந்தால் இரண்டு உயிர் பிழைத்திருக்கும். இந்த மழைக்காலத்துக்குள் சரியான டயரைப் போட்டுவிட வேண்டும்.

3

சரியான டயர் எது என்று எனக்கும் தெரியாது. பனிமேல் வழுக்கிப் போகும் குதிரை வண்டிகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பனமலை ஏரிமண்ணைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. எனவே மறுபடி திண்டிவனம் போனேன். கடைக்காரர் லூர்து பிரகாஷுக்கு முப்பது வயது இருக்கும்.

"என்னா வண்டி சார்?"

"ஜீப்பு. ஃபோர் வீல்."

"எங்க நிக்குது?"

"வண்டி என்னுது இல்ல. ஒரு டாக்டரோடது."

"சரி, டாக்டரு எங்க ஓட்டுவாரு? நூறு கிலோமீட்டர் ஓட்டுனா எத்தினி தாரு, எத்தினி மண்ணு?"

அவர் விடவில்லை.

"மண்ணுன்னா செம்மண்ணா, களியா? பின்னாடி எத்தினி கிலோ ஏத்துவாரு? தனியா ஓட்டுவாரா, கூட ஆள் இருக்குமா? சிக்கிக்கினா எறங்கித் தள்ளுறதுக்கு?"

"தனியாதான். அவங்க பொம்பள."

"பேரு?"

"புனிதா. ஆனா உண்மையில அப்படி ஒருத்தங்க இல்ல. கதை எழுதறேன்."

லூர்து பிரகாஷ் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைக்குள் திரும்பி, "பாக்கியமேரி! இல்லாத டாக்டருக்கு டயரு வேணுமாம், ஒரு டீ சேத்துப் போடு!" என்று கத்தினார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல், "இருக்கற டாக்டரே காசு குடுக்கல, நீ இல்லாதவங்களுக்குப் போடு!" என்றது.

அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒன்றரை மணி நேரம் சொல்லித்தந்தார். எந்தக் கேள்வியையும் விளையாட்டாகக் கேட்கவில்லை. புனிதா வாரத்துக்கு எத்தனை நாள் தார் ரோட்டில் கண்டமங்கலம் பக்கம் போவாள், எத்தனை நாள் பனமலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆறு மாதமாக நான் எழுதிய பெண்ணைப் பற்றி இவ்வளவு நியாயமான கேள்விகளை நானே கேட்டதில்லை.

4

அவர் சொன்னதன் சுருக்கம். ரோடு டயர் தாரில் சத்தமில்லாமல் ஓடும், சேற்றில் கைவிடும். சேற்றுக்கென்றே செய்த மட் டயர் சேற்றில் ராஜா. ஆனால் தாரில் ஊளையிடும், சீக்கிரம் தேயும், ஈரமான ஹைவேயில் பிரேக் அடித்தால் நிற்க யோசிக்கும். நடுவில் இருப்பது, எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரைன்.

"எதுலயும் முத மார்க்கு வாங்காது ப்ரோ. எதுலயும் ஃபெயிலும் ஆவாது." (இதற்குள் நான் ப்ரோ ஆகியிருந்தேன்.) "உங்க டாக்டருக்கு எம்பது பங்கு தாரு. மட் டயரு போட்டா மாட்டுகிட்ட போறதுக்கு முன்னாடி ஹைவேல பல்டி அடிப்பாங்க."

பிறகு டயரைப் படுக்கவைத்து, ரப்பர் துண்டங்களைத் தடவிக் காட்டினார். அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பட்டன். "இந்தப் பட்டன் சேத்தப் புடிக்கறது பெருசில்ல. சுத்தறப்ப புடிச்சதை வெளிய வீசணும். வீசலன்னா பள்ளமெல்லாம் ரொம்பி, வழுக்க டயரு மாதிரி ஆயிடும்."

ஒரு சந்தேகம் கேட்டேன். இவ்வளவு பெரிய டயரில் எவ்வளவு இடம் தரையைத் தொடும்?

அவர் பதில் சொல்லாமல் வெளியே நின்ற ஒரு வண்டியின் சக்கரத்தடியில் தன் கையைத் தரையோடு விரித்து வைத்தார். "இவ்ளோதான்."

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை டன் இரும்பு, ஒரு டாக்டர், அவள் பை, அவள் அவசரம் எல்லாம் பூமியைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவில். மீதியெல்லாம் காற்றில் போகிறது. திண்டிவனம் சாலையில் அப்போது லாரிகளும் பேருந்துகளும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சில உள்ளங்கைகளை ஊன்றிக்கொண்டு ஓடுவதாக எனக்குத் தெரிந்தது. டீ ஆறிப்போனது. நான் படித்த எந்த நாவலும் சாலையை இப்படிக் காட்டியதில்லை என்று

(இந்த வரி மிகையாக இருக்கிறது. ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது. பாதியிலேயே விட்டுவிடுகிறேன்.)

5

கிளம்புவதற்கு முன் இரண்டாம் பகுதியில் நீங்கள் படித்த பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பசு செத்த இடத்தில், "அடப் பாவமே" என்றார். பிறகு கேட்டார்:

"ஹப்பைத் திருப்பினாங்களா?"

"எதை?"

"பழைய ஜீப்புன்னு சொல்றீங்க. உள்ள லிவர் போட்டா மட்டும் முன் வீலு இழுக்காது ப்ரோ. கீழ எறங்கி, முன்னாடி ஒவ்வொரு வீலு நடுவுலயும் ஒரு திருகு இருக்கும், அதான் ஹப்பு, அதைக் கையால திருப்பணும். அது திரும்புனாதான் முன் வீலு ஆக்ஸிலோட சேரும். இல்லன்னா பின்னாடி ரெண்டுதான் சுத்தும். புது டயரு போட்டாலும் அதே கதைதான்."

"எனக்குத் தெரியாதுங்க."

"நீங்க எழுதல இல்ல? அப்போ அவங்க திருப்பல."

6

அன்றிரவு அந்தப் பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதும்போது எனக்கு அந்தத் திருகு இருப்பதே தெரியாது. தெரியாததால் எழுதவில்லை. எழுதாததால் அவள் இறங்கித் திருப்பவில்லை. முக்கால் மணி நேரம் பின் சக்கரம் மட்டும் சுழன்றது. என் அறியாமை போன வழியிலேயே போய் ஒரு பசுவும் கன்றும் செத்திருக்கின்றன. என் கையில் இருப்பது வெறும் எழுத்து என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

திருத்துவது எளிது. "லிவரைப் போட்டாள்" என்பதற்கு முன்னால் ஒரே ஒரு வரி:

[புனிதா இறங்கி, முன் சக்கரங்கள் இரண்டின் திருகையும் திருப்பிவிட்டு ஏறினாள்.]

இதைச் சேர்த்தால் பழி டயர்மேல் போய்விடும். புது டயர் போட்டதும் அவள் நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போவாள். சுகமான கதை.

இன்னொரு வழி, அவளுக்குத் தெரிந்திருந்தது, அவசரத்தில் மறந்தாள். எழுதிப் பார்த்தேன். புனிதா அப்படிப்பட்டவள் இல்லை. ஊசியைக் கொதிக்கவைக்க ஒருநாளும் மறக்காதவள்.

மூன்றாவது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வண்டியை விற்றவர் லிவரை மட்டும் காட்டினார். என்னைப் போலவே அவளுக்கும் தெரியாது.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியைச் சேர்க்காமல் விட்டேன். லூர்து பிரகாஷைக் கதைக்குள் கூப்பிட அனுமதி கேட்டேன். "கடை பேரைப் போடாதீங்க. டயரைக் கரெக்டா போடுங்க" என்றார்.

7

ஐப்பசி, பிற்பகல். கடை வாசலில் ஜீப் ஜாக்கியின் மேல் நின்றது. புனிதா நான்கு ஆல் டெரைன் டயர்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தாள். ஒவ்வொன்றின் பள்ளத்திலும் விரல் விட்டுப் பார்த்தாள். "இது ஏரிக்குள்ள போகுமா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் லூர்து பிரகாஷ், "நீங்க தைரியமாப் போலாம் மேடம்" என்றார். நான்காவது முறை அவள் கேட்டபோது அவர் கண் முன் சக்கரத்தில் இருந்தது.

முன் சக்கரத்தைக் கழற்றும்போது திருகைப் பார்த்துவிட்டார். அதன் பள்ளத்தில் கறுப்பு மண் காய்ந்து கல்லாகியிருந்தது. வெகுநாளாக யாரும் தொடாத திருகு. போன வருடக் கதையை அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள், வெந்நீர் உட்பட. அவருக்கு எல்லாம் புரிந்தது. சொன்னால் இந்த அம்மா உடைந்துபோவாள் என்று நினைத்து, டயரை மாட்டி நட்டை இறுக்கினார். வண்டி விற்றவனிடம் அவளே கேட்டுக்கொள்ளட்டும்.

தூறல் ஆரம்பித்தது. புனிதாவின் போன் அடித்தது. பாஞ்சாலி. மாட்டுச் சத்தமும் மழைச் சத்தமும் சேர்ந்து ஒலித்ததால், ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைத்தாள்.

"டாக்டரம்மா, இங்க மழை ஊத்துது. கெடாரிக்கு மொத ஈத்து. தண்ணி ஒடைஞ்சி ரொம்ப நேரமாச்சி. கன்னோட ஒரு காலுதான் தெரியுது. முக்கிக்கினே இருக்குது."

"கையை உள்ள விடாதீங்க பாஞ்சாலி. நான் வர்றேன்."

"பாதையெல்லாம் சேறா கெடக்குது. வண்டி வரலன்னா சொல்லிடுங்கம்மா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"வர்றேன். டயர் மாத்திட்டேன். வண்டி வரும்."

ஜாக்கி இறங்கியது. புனிதா ஏறி உட்கார்ந்தாள். லூர்து பிரகாஷ் வண்டியின் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"வழி விடுங்க, ஜல்தி!"

"மேடம், எறங்குங்க. ஒரு நிமிஷம்."

இடது முன் சக்கரத்தடியில் உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் காய்ந்த மண்ணைக் குத்தி உதிர்த்தார். திருகைப் பிடித்துத் திருப்பினார். உள்ளே 'டக்' என்று ஏதோ சேர்ந்தது.

"இது என்னா?"

"இதைத் திருப்புனாதான் முன் வீலு இழுக்கும். உள்ள லிவர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திருப்பிக்கணும்." அவள் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். "வண்டி வித்தவரு சொல்லியிருக்கணும் மேடம்."

புனிதா திருகைப் பார்த்தாள். உதிர்ந்து கிடந்த கறுப்பு மண்ணைப் பார்த்தாள்.

"அப்போ அன்னைக்கு

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

"அன்னைக்கு டயரும் மோசம்தான் மேடம்" என்றார் லூர்து பிரகாஷ் அவசரமாக. பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பக்கத்துது நீங்க திருப்புங்க. அங்க போனா நீங்கதான திருப்பணும்."

8

கன்று பிழைத்ததா என்று கேட்கிறீர்கள்.

பிழைத்தது என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். ஆனால் திண்டிவனத்திலிருந்து பனமலை வரை எனக்குத் தெரியாத திருகுகள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ. எந்த மதகு திறந்திருக்கிறது, கன்றின் இன்னொரு கால் எப்படி மடங்கியிருக்கிறது, அதைக் கையால் நிமிர்த்துவது எப்படி, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருமுறை எழுதியாகிவிட்டது. உங்களில் ஒருவர் அந்த ஏரிப் பாதையில் நடந்தவராக இருக்கலாம். ஒருவர் கன்றை வெளியே இழுத்தவராக இருக்கலாம். இங்கிருந்து வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவு. புனிதா ஜீப்பைச் சுற்றி வலது பக்கம் போனாள். மழை வலுத்திருந்தது. முன் சக்கரத்தருகே மண்டியிட்டுத் திருகைத் திருப்பப் பார்த்தாள். அது அசையவில்லை. லூர்து பிரகாஷ் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. பள்ளத்தில் இறுகியிருந்த போன வருடத்துச் சேற்றை நகத்தால் சுரண்டத் தொடங்கியிருந்தாள்.