நாற்பத்தேழு படிகள்

கண் பரிசோதனை என் தொழில். பலகையில் இருக்கும் எழுத்தை ஊராரை வாசிக்க வைத்துப் பிழைக்கிறவள், என் தம்பியின் ஓவியக் கண்காட்சியில் ஒன்றும் விளங்காமல் நின்றேன். பச்சை வட்டம் ஒன்றுக்குக் கீழே ‘செவ்வாய்க்கிழமையின் முழங்கை’ என்று அட்டை. ஒற்றைக் கறுப்புக் கோட்டுக்கு ‘குடை சொன்ன பதில்’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகவா இருந்த நல்ல வேலையை உதறினான்?

ஆறு வருடங்களுக்கு முன் இதைக் கேட்டுத்தான் சண்டை. “இனிமே என் வீட்டுப் படி ஏறாதே” என்று கத்தினேன். ரோஷக்காரன், ஏறவே இல்லை. இப்போது அழைப்பிதழ் மட்டும் தபாலில் வந்தது, உள்ளே ஒரு வரிகூட இல்லாமல். அவன் மறுபடி ‘அக்கா’ என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான். அவனோ என்னைப் பார்த்ததும் பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசிச் சுவரில் பெரிய ஓவியம். முழுக்கச் சாம்பல் நிறம், மேல் மூலையில் மட்டும் மஞ்சள் கீற்று. தலைப்பு, ‘நாற்பத்தேழு படிகள்’. மருந்துக்கும் ஒரு படி இல்லை.

தாடிக்காரர் ஒருவர் கூட்டம் சேர்த்து விளக்கிக்கொண்டிருந்தார். “நாற்பத்தேழு பகா எண். எதாலயும் வகுக்க முடியாது. அதாவது, பிரிக்க முடியாத ஆன்மா மேல ஏறுது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆன்மாவாவது மண்ணாவது! அவனுக்கு ஆறு வயதில் காலில் மாவுக்கட்டு. இன்றும் நான் இருக்கிற அதே குடியிருப்பில் அப்போது லிஃப்ட் பழுது. பதினான்கு வயதுக்காரி நான், ஒரு மாதம் அவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். அவன் என் காதுக்குள் படிகளை எண்ணிக்கொண்டே வருவான். அந்தச் சாம்பல், என் பள்ளிச் சீருடையின் முதுகு. மஞ்சள், எங்கள் வீட்டுக் கதவு வெளிச்சம்.

நேராக அவனிடம் போனேன்.

“தப்புடா. மொத்தம் நாற்பத்தொன்பது.”

திகைத்துப்போனான். “நான்தானேக்கா எண்ணுனேன்?”

ஆறு வருடம் கழித்துக் கேட்ட ‘அக்கா’. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“எண்ணிக் கிழிச்ச. கதவு தெரிஞ்சதும் ‘வீடு வந்துடுச்சு’ன்னு கத்துவ, எண்ணுறத விட்டுடுவ. மிச்சம் ரெண்டு படியையும் யாருடா ஏறுனா?”

சிரிக்கப் பார்த்தான், முடியாமல் மூக்கை உறிஞ்சினான். பிறகு பேனாவை எடுத்து அட்டையைத் திருத்தப் போனான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“என் பேச்சக் கேட்டு மாத்தாத. வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்துட்டு மாத்து. லிஃப்ட் இன்னிக்கும் ரிப்பேர்தான். இந்தத் தடவ நீயே நடந்து ஏறு.”