ஏவுகணைக்கு விபூதி

எண்பத்து நாலில், செங்கம் சாலையிலிருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு ஏவுகணை லாரியில் வந்து இறங்கியபோது, துருவும் காக்கை எச்சமும் தவிர அதில் வேறெதுவும் தெரியவில்லை. இரண்டு ஆள் உயரம். எழுபத்தொன்றில் போர்முனையில் நின்றது. வெடிமருந்தெல்லாம் எடுத்துவிட்ட வெற்றுக்கூடு. சுரண்டிக் கழுவி, பழைய பச்சை நிறத்தையும் வெள்ளை எண்களையும் வெளியே கொண்டுவர, அங்கே வேலை பார்த்த ரேணுகாம்பாளுக்கு மூன்று மாதம் பிடித்தது. சென்னைக்குப் போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவள் அவள்.

அருங்காட்சியகச் செயலாளர் இராமலிங்கம் அதை முற்றத்தில், வாசலுக்கு நேராக நட்டுக்குத்தலாய் நிறுத்தச் சொன்னார். லாரிப் பட்டறை சாந்த் பாஷா மூன்று இரும்புக் கால்களைக் கூட்டி நட்டு, செயின் புல்லி போட்டுத் தூக்கி நிறுத்தினார். மறுநாளே யாரோ அடியில் விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். அடுத்து குங்குமம், எலுமிச்சம்பழம். அடி அண்ணாமலைப் பெண்கள் கற்பூரம் கொளுத்தியதில் பச்சை வண்ணம் கொப்பளித்தது.

அவள் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பூசினார்கள். அதில் அவளுக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. பயம் வந்தது வேறொரு நாள். மாலை வெயிலில், மலை பின்னால் இருக்க, அது நின்ற அழகில் அவளுடைய கைகளே தாமாகக் குவிந்துவிட்டன. சுட்டதுபோல் பிரித்துக்கொண்டாள். இதன் வயிற்றுக்குள் கைவிட்டுச் சுரண்டியவள் நான், எனக்கே இப்படியென்றால்?

படுக்க வைத்துவிடலாம் என்று இராமலிங்கத்திடம் கேட்டாள். ஆளே எட்டிப்பார்க்காத இடத்துக்கு இப்போதுதான் கூட்டம் வருகிறது, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களால் இன்னும் ஜாஸ்தியாகும் என்றார் அவர்.

"கும்புட்டா உனக்கு என்னம்மா போச்சு?"

"வானத்துல போற ஆளைக் கொல்றதுக்குச் செஞ்சதுங்க இது."

"கைய வெச்சுப் பாரு. அப்புறம் வேலைக்கு வராதே."

மறுநாள் காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க, சாந்த் பாஷாவைக் கூட்டிவந்தாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்று காலையும் புல்லியையும் மாட்டித் தருகிறேன், ஜனங்கள் கும்பிடும் பொருளை நான் தொட்டுச் சாய்த்தால் ஊர்ப்பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும் என்றார். அது அவளுக்கும் தெரிந்ததுதான்.

"எப்படின்னு மட்டும் சொல்லுங்க பாய். இழுக்கறது நான்."

பத்தடி தள்ளி நின்று அவர் சொல்லச் சொல்ல, அவள் சங்கிலியை இழுத்தாள், விட்டாள். உள்ளங்கை உரிந்தது. தட்டோடு வந்த பெண் ஒருத்தி, இவ குடும்பம் வெளங்குமா என்று சபித்தாள். ரேணுகாம்பாள் திரும்பவில்லை. ஏவுகணை மெல்லச் சாய்ந்து மரக்கட்டைகள்மேல் படுத்தது. அதன் கூர்முனை வாசலைப் பார்த்தது.

எதிரே நின்றவர்கள், யாரும் சொல்லாமலே, ஒவ்வொருவராய் ஒதுங்கினார்கள். சபித்தவளும் ஒதுங்கினாள். வேகமாக உள்ளே வந்த இராமலிங்கம் முனைக்கு நேரே ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் நகர்ந்த பிறகுதான் வாய் திறந்தார். நாளையிலிருந்து வராதே என்றார்.

"நாளைக்கு வரலீங்க," என்றாள் ரேணுகாம்பாள், துணியை மண்ணெண்ணெயில் நனைத்தபடி. "இன்னைக்கு வேலை பாக்கி இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."