தாய்மாமன் தலை

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில்கள் தடம் மாறுமோ, அதைவிட இரண்டு தடவை கூடுதலாகவே இசைவாணியின் ஸ்டைல் மாறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கறுப்பு வெள்ளை. செவ்வாய்க்கிழமை வெறும் நிழல். புதன்கிழமை எதை எடுத்தாலும் கோணலாக எடுத்தாள். அன்று அவள் எடுத்த பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்கள் கட்டடம் சாய்கிறதென்று பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். வியாழக்கிழமை பனிமூட்டம் வேண்டுமென்று லென்ஸில் வாயால் ஊதி ஊதி, மூச்சு முட்டி, கேன்டீன் பெஞ்சில் படுத்துவிட்டாள். இன்ஸ்டாகிராமில் தன் பெயரை ஒன்பது முறை மாற்றியதில், பெற்ற அம்மாவுக்கே அவளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்டமங்கலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து விழுப்புரத்தில் ஓராண்டு போட்டோகிராபி டிப்ளமோ படிக்கிறவள் அவள். படிப்பு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு படங்களை மேசைமேல் வைக்க வேண்டும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அம்சா மேடம்.

"பன்னெண்டையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சிப் போடுவேன். அப்பவும் ஒருத்தி எடுத்ததுன்னு தெரியணும். நீ வச்சிருக்கறதப் பாத்தா பன்னெண்டு பேர் சண்டை போட்டுக்கினு எடுத்த மாதிரி இருக்குது."

கையெழுத்து விழாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் படிக்கலாம் என்றார் மேடம். இசைவாணியின் வீட்டில் அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது. வேலையாட்களை ஏற்றிப்போகும் பாண்டிச்சேரி கம்பெனி வேன் காலை ஆறரைக்கு அவர்கள் தெருமுனையில் வந்து நிற்கும். டிப்ளமோ இல்லாமல் வந்தால் அந்த வேனில் ஏறுவது என்று அப்பா ஒரு வருஷத்துக்கு முன்பே முடிவு கட்டிவிட்டார். வேன் டிரைவர் ஜன்னலோர சீட்டைக்கூடத் துடைத்து வைத்துவிட்டதாக அவளுக்குக் கனவு வந்தது.

இந்த நேரத்தில்தான், சனிக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு காதுகுத்து வந்தது. அவள் தெருவில் பிறந்து திண்டிவனத்தில் குடியேறிய சீனுவாசன் அண்ணனுக்கு ஒரு வயதில் மகன், பெயர் சேரன். "வெளி ஆளுக்குப் போற காசு ஒனக்கே வரட்டும், நீ எடு" என்று அண்ணன் கூப்பிட்டதும் கல்லூரியின் தூர லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது புது ஸ்டைல் உதித்தது. முகமே இல்லாத படம்! கை, கால், காது, வெற்றிலை பிடித்த விரல். முகம் எல்லாரும்தான் எடுக்கிறார்கள். அப்படி நினைத்த மாத்திரத்தில் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

குழந்தையின் தாய்மாமன் கண்ணையன் வல்லத்திலிருந்து சீரோடு வந்தார். இரண்டு டாட்டா ஏஸ், ஐம்பத்தோரு தட்டு, முன்னால் பேண்டு வாத்தியம். அவர் கொளுத்திய சரவெடிக்குச் செஞ்சிக் கோட்டையில் ஒரு கல் பெயர்ந்து விழுந்திருக்கும். பட்டுச் சட்டையும் மையிட்ட மீசையுமாக அவர் மணையில் உட்கார, மடியில் சேரனை வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். இசைவாணி தூண் மறைவிலிருந்து, ஜன்னல் கம்பி வழியாக, சாப்பாட்டுப் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து சுட்டுத் தள்ளினாள். சாயங்காலம் பார்த்தால் நானூறில் தேறியது சரியாகப் பன்னிரண்டு படங்கள், ஒரே கை எடுத்த மாதிரி பளிச்சென்று நின்றன. பஸ்ஸில் உட்காரவே பிடிக்காமல் மயிலம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலை சீனுவாசன் அண்ணனின் மனைவி ரோஜா போன் செய்தாள். குரல் அழுதிருந்தது.

"இசை, எங்கண்ணன் தல எங்கடி?"

"எந்தத் தல அண்ணி?"

"எங்கண்ணன் கண்ணையன் தலடி! நீ குடுத்த பென் டிரைவுல நானூறு போட்டோவும் பாத்தாச்சி. மோதிரம் இருக்குது, முழங்கால் இருக்குது, வேட்டிக்கர இருக்குது. கழுத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல!"

தாய்மாமன் முகமில்லாத காதுகுத்து ஆல்பத்தை அந்தப் பக்கத்தில் எவரும் கண்டதில்லை. டிரோன் வீடியோ ஒன்று இருந்தது. அதில் கண்ணையன் எறும்பு அளவுக்கு இருந்தார், அதுவும் முதுகு. ஏற்கெனவே காதுகுத்துப் பத்திரிகையில் அவர் பெயரை மூன்றாவது வரியில் போட்டதற்கு மைத்துனர்மேல் வருத்தம். இப்போது சீனுவாசன் வேண்டுமென்றே ஆள் வைத்துத் தன் தலையை எடுத்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டார். தங்கையின் போனை எடுப்பதில்லை. "தல இல்லாதவன் எப்பிடிப்பா பேசுவான்?" என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு திரிகிறாராம்.

"புதங்கெழம வரச் சொல்லி ஆள் உட்டிருக்கேன். மறுபடியும் எடுத்துக் குட்றி. உன் கால்ல வேணா விழறேன்" என்றாள் ரோஜா.

புதன்கிழமை இசைவாணி போய்ச் சேர்ந்தபோது கண்ணையன் அதே பட்டுச் சட்டையோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். சீர்ப் பழங்களையெல்லாம் வீடு தின்று தீர்த்துவிட்டதால் தட்டுகளில் வெங்காயம், மல்லாட்டைக் கடலை, ஒன்றில் மிக்ஸி ஜார் வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள்.

"வாம்மா தலவெட்டி. மொதல்ல அந்தப் படத்தக் காட்டு."

காட்டினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர் மிக்ஸியைவிட அதிகமாகச் சத்தம் போட்டார்.

"சுப காரியத்துல மனுசன முண்டமா எடுத்து வச்சிருக்கற! இது ஊட்ல இருந்தா வெளங்குமா? அழி. எங்கெங்க வச்சிருக்கறியோ அங்கெல்லாம் அழி."

"மாமா, வெள்ளிக்கெழம எனக்கு பரீட்ச. இந்தப் பன்னெண்டத்தான் வைக்கப் போறேன்."

"என் முண்டத்த வச்சி நீ பாஸ் பண்ணப் போறியா? நல்லாக்கீது நாயம்!"

ரோஜா அண்ணி "குடுத்துட்றி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இசைவாணிக்குக் காதில் அந்தக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கார்டையும் பென் டிரைவையும் அவர்முன் வைத்து, எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கண்ணையன் இரண்டிலும் பன்னிரண்டு பன்னிரண்டு தடவை ஆள்காட்டி விரலால் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் சரவெடி கொளுத்தியவரைப்போல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இப்ப எடு. ஜல்தி."

தூர லென்ஸைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தாயிற்று. கையில் இருந்தது ஜூம் இல்லாத சின்ன லென்ஸ். முகம் வேண்டுமென்றால் மூன்றடிக்குள் போய் நிற்க வேண்டும். அவள் கூடத்தை ஐந்து சுற்று சுற்றினாள். வாசல் பக்கம் போனாள், சமையலறைப் பக்கம் வந்தாள், ஸ்டூலில் ஏறி இறங்கினாள்.

"இன்னாம்மா, கோயில் பிரதட்சணமா பண்றே? நீ போட்டோ எடுக்கறவளா, இல்ல ஸ்டுடியோவுல பெருக்கற பொண்ணா?"

இதைத்தான் எல்லா முகமும் கேட்கும் என்று அவள் இத்தனை நாளும் பயந்திருந்தாள். தூணுக்குப் பின்னால் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். நிழல் கேட்காது, கால் கேட்காது. இப்போது ஒரு முகம் வாய்விட்டே கேட்டுவிட்டது.

"போட்டோகிராபர்" என்றாள். குரல் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. "ஒக்காருங்க மாமா. நான் சொல்றவரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

நேர் எதிரே, மூன்றடியில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ரோஜா சேரனைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கண்ணையன் முதலில் ரேஷன் கார்டு முகம் காட்டினார். அது போனதும் கட்சி பேனர் முகம். பிறகு கல்யாண மாப்பிள்ளை முகம், பிறகு மைத்துனர்மேல் கோப முகம். அவள் எதற்கும் அழுத்தவில்லை. கால் மரத்தது, எழுந்து ஓட வேண்டும்போல் தொடை துடித்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. கைவசமிருந்த முகமெல்லாம் தீர்ந்துபோய் கண்ணையன் வெறுங்கையோடு அவளைப் பார்த்தார்.

சேரனுக்குக் காது குத்தும்போது தன்னைப் பிடித்து உட்கார வைத்த மடி எது என்று நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பி, மாமனின் காதை இரண்டு கையாலும் பற்றி, கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல் இழுத்தான்.

"ஐயோ நைனா! உட்றா! உட்றா!"

வலியில் கண்ணில் நீர், வாயில் சிரிப்பு, மீசை ஒரு பக்கமாக மேலே ஏறியிருந்தது. அழுத்தினாள்.

கண்ணையன் கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் ரோஜாவிடம் பேசிய பேச்சு இதுதான்: "ஏய், இவன் உன் புருசன் மாதிரியே புடிச்சா உடமாட்டன்றான் பாரு." சீனுவாசன் சிரித்த சிரிப்பு மேல்மருவத்தூர் வரை போய்த் திரும்பி வந்தது.

இசைவாணிக்கு நின்று சிரிக்க நேரமில்லை. ஒன்று ஆயிற்று, பதினொன்று பாக்கி. "அடுத்து நீங்க அண்ணி, ஒக்காருங்க" என்றாள். அண்ணி முடிந்ததும் அண்ணன். பிறகு வீட்டைவிட்டு இறங்கிப் பூக்காரி, வெல்டிங் பட்டறைக்காரர், டீ மாஸ்டர் என்று மார்க்கெட் தெரு முழுக்க மூன்றடித் தூரத்தில் போய் உட்கார்ந்தாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் என்ன கட்சி என்று கேட்டார். எல்லாரும் "நீ யாரு?" என்றே ஆரம்பித்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை அம்சா மேடம் படங்களைக் கலைத்தார், பரப்பினார், மறுபடி கலைத்தார். பிறகு இரண்டை மட்டும் விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"டீ மாஸ்டர்கிட்டயும் இந்த வெல்டிங்காரர்கிட்டயும் பயந்து பின்னால போயிட்டே. மத்தது பத்தும் ஒரே ஆள். ரூல் பன்னெண்டு. ஒரு மணிக்கு லிஸ்டு அனுப்பணும், நான் என்ன பண்ணட்டும்?"

மணி பன்னிரண்டு இருபது. இசைவாணி ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டு, அதற்கு எதிரே மூன்றடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒக்காருங்க மேடம்."

"யாரு, நானா?"

"பேனாவக் கீழ வச்சிடுங்க. மொகத்துக்கு நேரா வருது."

முப்பது வருஷமாகக் கேமராவுக்குப் பின்னாலேயே நின்ற அம்சா மேடம் புடவை மடிப்பைச் சரிசெய்து, கல்வித்துறை இயக்குநர் முகம் ஒன்றைக் காட்டினார். அது பலிக்கவில்லை. அடுத்தது காட்டினார். அதுவும் பலிக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு மேடத்திடம் முகம் தீர்ந்தது. இசைவாணி ஒரு தடவை அழுத்தினாள். மேடம் கடுப்பாகி "போதும் எழுந்திரு" என்று கத்த, இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

மேடம் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார்.

"நான் என்ன இவ்ளோ கோவக்காரியாவா இருக்கேன்?"

"பதினொண்ணு, பன்னெண்டு" என்று எண்ணிக் காட்டிய இசைவாணி, கீழே இருந்த பேனாவை எடுத்து மேடத்தின் கையில் வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க மேடம். மணி ஆவுது."

மேடம் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே போட்டார். பாதிக் கையெழுத்து லிஸ்டைத் தாண்டி மேசைமேல் விழுந்தது.