சூடம் அணைத்து வாங்கிய கார்

எதிர்வீட்டு மிதுலன் கார் வாங்கிய கதையை எங்கள் தாமான் குடியிருப்பில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முனை வீட்டுத் தினேஸ்வரி சொல்வதைக் கேட்டால், அவனுக்குப் போலீஸ் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனதாகவே நினைத்துக்கொள்வீர்கள். அந்தக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போனவள் நான். அதனால் நான் சொல்வதுதான் சரி.

மிதுலன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை கிடைத்து, மனைவி பிரதீபாவோடு வந்து எட்டு மாதம் ஆகிறது. பிரதீபாவுக்கு இப்போது ஆறு மாசம். கம்பெனி எடுத்துக் கொடுத்த வேலை பாஸில்தான் இரண்டு பேரும் இங்கே இருக்கிறார்கள். ஒரு போலீஸ் கேஸ் என்று வந்தால் பாஸ் போய்விடும். பாஸ் போனால் பிள்ளைத்தாய்ச்சியோடு விமானம் ஏற வேண்டியதுதான். ஏறிப் போய் இறங்க அங்கே வீடும் இல்லை, விற்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். இதெல்லாம் அவன் என்னிடம் சொன்னதில்லை. கறிவேப்பிலை கேட்கப் போன இடத்தில் நானாகத் தெரிந்துகொண்டது.

அவன் கொஞ்சம் பயந்த ஆள். கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான். நான்காவது தரம் இழுக்க வருகிறானா என்று நான் என் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். பெரும்பாலும் வருவான்.

பிரதீபாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு கார் வேண்டும் என்று அவன் தேட ஆரம்பித்தபோது, வழி காட்டியது நான்தான். எங்கள் தெருவில் இரண்டு வீடு கூட்டித் துடைக்க வருகிற நல்லம்மாளின் வீட்டுக்காரர் பத்துமலை, தன் பழைய வெள்ளி நிற மைவிக் காரை விற்கப் பார்த்தார். கண்ணில் புரை விழுந்து ஓட்ட முடியவில்லை. பத்து காஜா டவுன் தாண்டிப் பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பிரதீபாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போன அன்று மிதுலன் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தான். பழைய கார் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய நாற்பத்திரண்டு சோதனைகளாம். கையில் டார்ச்லைட், காந்தம். காரின் அடியில் படுத்தான், கதவு ரப்பரைப் பிய்த்துப் பார்த்தான், காந்தத்தை உடம்பெல்லாம் ஒட்டி ஒட்டி எடுத்தான்.

“தம்பி, பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்லா,” என்றார் பத்துமலை.

நாற்பத்தொரு சோதனை முடிந்தது. கார் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. நாற்பத்திரண்டாவது, ‘பெயர் மாற்றாமல் பணம் கொடுக்காதே.’

“ஐயா, பேர் எப்ப மாத்திறது?” என்றான் மிதுலன்.

“அதுக்கென்னா, ஒரு நாளைக்குப் போலாம். ரெண்டு பேரும் வண்டி ஆபீஸ் கவுண்டர்ல போயி பெருவிரல் வைக்கணும். வாரேன், வாரேன்.” அந்த ‘வாரேன்’ கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. நான் கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை. எப்போதாவது நான் வாயை மூடுவேன், அது தப்பான நேரமாக இருக்கும்.

மிதுலன் தயங்கினான். பத்துமலைக்கு முகம் சுண்டிவிட்டது. எங்களை லயத்துக் கோடியில் இருந்த முனியாண்டி கோயிலுக்கு நடத்திப் போனார். வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

“இது என் காரு. களவு இல்ல. இந்தத் தம்பி பேருக்கு மாத்திக் குடுப்பேன். குடுக்கலைன்னா முனியாண்டி என்னையக் கேக்கட்டும்.” சொல்லிவிட்டு எரிகிற சூடத்தை உள்ளங்கையால் பட்டென்று அடித்து அணைத்தார். அந்தக் கையில் சூடு ஏறினதாகவே தெரியவில்லை.

பிரதீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “சாமிக்கு முன்னால சொன்ன மனுசனையும் நம்பாட்டி வேற ஆரை நம்பிறது?” என்றாள். மிதுலன் காகிதக் கட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். முழுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்தான். எஞ்சினியர்!

மறுநாள் பத்துமலைக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் பாரிட் புந்தாரில் ஒரு கேதம். அதற்கடுத்த வாரம் ஃபோனே எடுக்கவில்லை. நல்லம்மாளும் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன், கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று. “தம்பி, காசையும் வாங்கிக்கிட்டு, கார் களவு போச்சுன்னு ரிப்போர்ட் போட்டுட்டா என்னா பண்ணுவீங்க? கேரான்ல அவரு பேருதானே இருக்கு. காரு உங்க வீட்லல்ல நிக்குது.” கேரான் என்பது காரின் உரிமைப் பத்திரம். இரண்டு வாரமாகியும் அதில் பத்துமலையின் பெயர்தான்.

அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை.

அன்றிலிருந்து காருக்குத் துணி போர்த்தினான். அதற்கு மேல் ஒரு தார்ப்பாய். ஓட்டவே இல்லை. குப்பை லாரி வந்தாலும் திரைச்சீலை விலகும். மோட்டார் சைக்கிளில் யாராவது எங்கள் தெருவில் வேகம் குறைத்தால், உள்ளே விளக்கு அணையும். பிரதீபா ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போய் வந்தாள். பெட்டி ஒன்று கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், பிரசவத்துக்கு என்று நினைத்தேன். “இல்லை அக்கா, திடீரெண்டு போகச் சொன்னால்...” என்றாள் பிரதீபா. அதற்குப் பிறகு எனக்கே மதியத் தூக்கம் போய்விட்டது.

ஒரு ஞாயிறு காலை மிதுலன் என் வீட்டுக் கேட்டுக்கு வந்தான்.

“அக்கா, நான் காரைத் திருப்பிக் குடுக்கப் போறன். காசு வேண்டாம். நீங்கள் வழி காட்ட வருவியளோ?”

“காசு வேணாமா? பைத்தியமா தம்பி?”

அவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னான். “என்ர மாமா சண்டைக்காலத்தில ஒரு வான் வாங்கினவர். பேர் மாத்தேல்லை. பழைய சொந்தக்காரனைத் தேடி வந்தவை, வானோட நிண்ட இவரைக் கொண்டு போனவை. அவ்வளவுதான். பிறகு நாங்கள் காணேல்லை.”

வாரேன்லா தம்பி என்று செருப்பை மாட்டினேன். அதற்கு மேல் கேட்க எனக்குக்கூட மனம் வரவில்லை.

பத்து காஜா போகிற வழியில் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் ஆரஞ்சுக் கூம்புகள், இரண்டு போலீஸ், ரோட்புளொக். திரும்பிப் போக இடமில்லை. இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து, “கெரேத்தா சியாப்பா?” என்றார். யார் கார் என்று சும்மாதான் கேட்டார். காலையில் பசியாறினீர்களா என்று கேட்கிற குரல்தான்.

மிதுலன் எஞ்சினை அணைத்தான். கதவைத் திறந்து இறங்கினான். காருக்கு இரண்டடி தள்ளிப் போய், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். யாரும் சொல்லவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கையை இறக்கவில்லை.

போலீஸ்காரர் பயந்து ஒரு அடி பின்னால் போனார். அவர் கை இடுப்புப் பக்கம் போனது.

“என் அண்ணன் காரு இன்சே!” என்று மலாயில் கத்தினேன். “அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல. இவரு புதுசு, ஊரு பழக்கம் தெரியாது!” எனக்கு அண்ணனே கிடையாது.

போலீஸ்காரர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தையிடம் சொல்கிற மாதிரி, கையை இறக்கச் சொன்னார். லைசென்சை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். போகச் சொன்னார். தோட்டம் போய்ச் சேரும் வரைக்கும் மிதுலன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. இதைத் தினேஸ்வரி நம்ப மாட்டாள்.

நல்லம்மாள் வாசலிலேயே மறித்தாள். “அவரு இல்லக்கா. பாகான் டத்தோ போயிருக்காரு, தங்கச்சி வீட்டுக்கு.”

அவர் செருப்பு வாசலில் கிடந்தது. மேசைமேல் கோப்பித்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் ஊர் வீடுகளை நாற்பது வருஷமாகப் பார்த்து வருகிறவள்.

“அப்படியா நல்லம்மா,” என்று பின்கட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “அப்ப நாங்க அந்த முனியாண்டிகிட்டயே போயி ஒரு சூடம் வச்சுக் கேட்டுட்டுப் போறோம்.”

கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஏதோ தகரம் சரிந்தது. பத்துமலை வந்தார். மூன்று வாரத்தில் பாதியாகிவிட்டிருந்தார். தாடி.

“கேக்காதீங்கக்கா. நானே அந்தப் பக்கம் போறதில்ல. செம்பனைக் காட்டைச் சுத்திக்கிட்டுத்தான் ரோட்டுக்குப் போறேன்.”

“காரை வச்சுக்கொள்ளுங்கோ ஐயா,” என்று மிதுலன் சாவியை நீட்டினான். “போலீசுக்கு மட்டும் போகாதேங்கோ. மனிசிக்கு ஆறு மாசம்.”

“நான் எதுக்குத் தம்பி போலீசுக்குப் போறேன்? என்னையத்தான் பிடிப்பாங்க!” பத்துமலை இரண்டு பெருவிரலையும் எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதைப் பாருங்க. ரேகை இருக்கா?”

நான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். இல்லை. கழுவின பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அதற்குப் பிறகு பால் ஸ்டோரில் ஆசிட் கலக்கியவர். ரேகையெல்லாம் தோட்டத்துக்கே போய்விட்டது.

“போன வருஷம் உதவித்தொகை வாங்க ஒரு எடத்துக்குப் போனேன். மெஷின்ல வெரலை வச்சேன், செவப்பு. நாலு தரம் வச்சேன், நாலு தரமும் செவப்பு. பின்னால நின்னவன் கள்ள ஐசி கார்டான்னு கேக்குறான். காவலுக்கு நின்ன ஜாகா வந்து ஓரமா ஒக்கார வச்சுட்டான், ஒரு மணி நேரம். எல்லாரும் பாத்துக்கிட்டே போறாங்க. நான் பத்துமலைதான்னு நானே சொல்றேன், மெஷினு இல்லங்குது. இப்ப காருக்குப் போயி வெரலை வச்சு, செவப்பு விழுந்தா? அடுத்தவன் காரை வித்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்னா?” என்றேன்.

“என்னான்னுக்கா சொல்றது? இவருக்குக் கையில ரேகை இல்லன்னா?” என்றாள் நல்லம்மாள். “நீங்க அதைக் கேட்டுட்டுச் சும்மா இருப்பீங்களா? தாமானுக்கே தெரிஞ்சிருக்கும்.”

நான் கோழிகளைப் பார்த்தேன். நல்ல கோழிகள்.

மிதுலன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். டார்ச்லைட் அடித்துப் பார்த்த ஆள் அல்லவா. பிறகு சாவியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“ஐயா, எனக்கும் கவுண்டர் எண்டால் கால் நடுங்கும். நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்டாப் போய் நடுங்குவம். வாங்கோ.”

திங்கட்கிழமை. நானும் போனேன், யாரும் கூப்பிடவில்லை. எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மிதுலன் தன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் விரலுக்கு ஒரு குறையும் இல்லை.

எண் வந்தது. முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண், சின்ன வயது. பத்துமலை வலது பெருவிரலை வைத்தார். சிவப்பு. இன்னொரு தரம். சிவப்பு. இடது கையை வைக்கச் சொன்னாள். சிவப்பு. ஈரத்துணி கொடுத்துத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். சிவப்பு. பத்துமலை எழுந்து வாசலைப் பார்த்தார். மிதுலன் அவர் சட்டையின் பின்பக்கத்தை எட்டிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் இரண்டு பேரின் தாள்களையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“பாஸ்போர்ட்டும் உள்ள போயிட்டுது,” என்றான் மிதுலன். உதடு மட்டும்தான் அசைந்தது. “அக்கா, ஏதும் நடந்தால் பிரதீபாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும். மெதுவாச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுற மாதிரிச் சொல்லாதேங்கோ.”

பன்னிரண்டு நிமிஷம். நான் எண்ணினேன். உள்ளே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது பத்துமலை முனியாண்டியைக் கூப்பிட்டார், மிதுலன் வேறு யாரையோ கூப்பிட்டான்.

அவள் ஒரு படிவத்தோடு திரும்பி வந்தாள். பத்துமலையின் முகத்தையும் அடையாளக் கார்டையும் ஒத்துப் பார்த்தாள். அப்பா பேர் என்ன, பிறந்த தோட்டம் எது, பழைய வீட்டு விலாசம் என்ன என்று கேட்டாள். அவர் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நின்றபடியே சொன்னார். கையெழுத்து, முத்திரை.

“தோட்டத்து ஆளுங்களுக்கு இப்படி வரும் பாக்சிக்,” என்றாள். “அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு.” அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அவ்வளவுதான். மூன்று வாரத் தூக்கம், தார்ப்பாய், வாசலில் பெட்டி, கோழிக்கூண்டு. அதற்குத் தனியாக ஒரு ஃபாரம் இருந்திருக்கிறது.

பத்துமலையை முதலில் கோயிலில்தான் இறக்கினோம். செய்த சத்தியத்தை முடித்துவைக்க ஒரு சூடம் கொளுத்தினார். இந்தத் தரம் அடிக்கவில்லை, தானாக எரிந்து அணையும் வரை நின்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் தோள் இரண்டும் இறங்கின. மிதுலனும் பக்கத்தில் நின்றான். பெயர் மாறிய கேரானைச் சட்டைப் பையில் வைத்து, பைக்கு மேலே கையை வைத்திருந்தான்.

திரும்பி வரும்போது அதே வளைவு. அதே கூம்புகள். அதே போலீஸ்காரர்.

“கெரேத்தா சியாப்பா?”

மிதுலனின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு எழும்பின. பாதியில் நின்றன. மெதுவாக அவை திரும்ப இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தன.

“சாயா புஞ்ஞா,” என்றான். என்னுடையது. குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. கேரானை எடுத்து நீட்டினான். போலீஸ்காரர் தேதியைப் படித்தார், பெயரைப் படித்தார், சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கொஞ்சம் குனிந்து, அவனைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

“நேற்று உங்கள் அண்ணன் கார் என்று சொன்னீர்களே, அக்கா?”

என் கைகள் இரண்டும் தானாக மேலே போயின.