முந்நூறு வாட்டுக்கு ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கிடைத்தது. நான் பிளாப்பி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "வெயிட்டே இல்லீங்களே, உள்ள செம்புக் கம்பி இருக்குதுங்களா?" என்றார். கடைக்காரர் பதில் சொல்வதற்குள் என் பஸ் வந்துவிட்டது. பதில் தெரியாததால் எழுதுகிறேன். தெரிந்திருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'மருதமலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்

வேண்டாம். இந்தக் கதையில் மேகத்துக்கு வேலை இல்லை.

இரண்டாவது: 'மின்திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்க

இது என் பி.எஸ்ஸி. விடைத்தாள். (அதற்கே அரை மதிப்பெண்தான் போட்டார்கள்.)

மூன்றாவது: 'திருமலைசாமி வாங்கிய புதுக் கம்ப்யூட்டர், கிருபாவதி உட்கார்ந்தால் மட்டும் அணைந்துபோனது.'

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

திருமலைசாமி சென்னிமலைப் பெட்ஷீட்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். டிசைன் வரையக் கோவையில் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார். இருப்பதிலேயே வேகமானது வேண்டும் என்று கேட்டு வாங்கிய கம்ப்யூட்டர் அது. இரண்டு பென்டியம் சிப், இரண்டு ஹார்ட் டிஸ்க், படத்துக்குத் தனி கார்டு. இத்தனைக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் இருநூறு வாட். அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. கேபினட்டோடு வந்தது.*

கிருபாவதி இயற்பியல் படித்தவள். அங்கே டிசைன் போடுகிறவள் அவள் ஒருத்திதான். பெரிய டிசைனைத் திறந்தால் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும். திருமலைசாமி உட்கார்ந்து சீட்டு விளையாடினால் அணையாது.

"நா உக்காந்தா நல்லாத்தான் ஓடுது அம்மணி," என்றார் அவர். "கைராசின்னு ஒண்ணு இருக்குதில்ல? திங்கக்கிழமையிலிருந்து வேற புள்ளைய வெச்சுப் பாக்கறேன். நீ மனசுல வெச்சுக்காத கண்ணு."

* மாப்பிள்ளையோடு மாப்பிள்ளைத் தோழன் வருவதுபோல. (உவமை சரியில்லை. தோழனை நம்பி மாப்பிள்ளை ஓடுவதில்லை.)

4

கிருபாவதி ஒரு வாக்கியம் சொன்னால் வேலை தங்கும்: 'இருநூறு வாட் பத்தாதுங்க சார், முந்நூறு வேணுமுங்க.' கணக்குப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு பாகமும் எவ்வளவு இழுக்கும் என்று கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

எழுந்து அவர் மேசை அருகே போனாள். "சார்," என்றாள். பிறகு

பிறகு, "டீ சொல்லட்டுங்களா?" என்றாள்.

(மன்னிக்கவும். எழுதுகிறவளுக்கே கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க வாய் வராது. என்னிடம் இல்லாததை அவளுக்கு எங்கிருந்து கொடுப்பேன்?)

டீ வந்தது. குடித்தார்கள். இனி அந்த வழியாகத் தப்பிக்க முடியாது.

"சார், உங்க தோட்டத்துல ரெண்டு மோட்டார் இருக்குதுங்கல்ல?"

"இருக்குது."

"ரெண்டையும் ஒரே சமயத்துல போடுவீங்களா?"

"எப்பிடிப் போடறது? பியூஸ் போயிருமுல்ல."

"இதுக்குள்ளயும் அப்பிடித்தானுங்க. பெரிய டிசைனத் தொறந்தா எல்லாம் சேந்து இழுக்குதுங்க. சீட்டாட்டத்துக்கு ஒண்ணும் இழுக்காதுங்க."

"சீட்டு ஆடறதில்ல அம்மணி," என்றார் திருமலைசாமி. "மவுசு பழகறேன்."

ஆனாலும் கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றி, அவளையும் கடைக்கு வரச் சொன்னார்.

5

விற்ற கடைக்காரர் கோவிந்தராஜுலு இரண்டு பவர் சப்ளைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் முந்நூறு வாட் என்று லேபிள். தூக்கினால் காலி டிபன் பாக்ஸ். மற்றதில் இருநூற்றைம்பது. தூக்கினால் செங்கல். திருமலைசாமி மோட்டார் வாங்குகிற மாதிரி இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கினார்.

"லேபிள யாரு வேண்ணாலும் ஒட்டலாமுங்க. செம்ப ஒட்ட முடியுமுங்களா?" என்றார்.

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. முந்நூறு வேண்டும் என்பதுவரை கணக்குச் சொல்லும். லேபிள் பொய்யா என்று அது சொல்லாது.

"ரெண்டும் நல்ல சரக்குங்க," என்றார் கோவிந்தராஜுலு. "சொல்லப்போனா பழசுலயே குத்தம் இல்லீங்க. எல்லாம் ஓட்டற கையப் பொறுத்துத்தான்."

திருமலைசாமி திரும்பிக் கிருபாவதியைப் பார்த்தார். 'அவள் தலை குனிந்துகொண்டாள்' என்று எழுத நான் தயாராக இருந்தேன்.

"அப்ப பழசோடயே போடுங்க," என்றாள் அவள். "என் டிசைன நீங்களே தொறங்க."

இதை நான் எழுதவில்லை. (எழுதியது நான்தான். ஆனாலும்.)

கோவிந்தராஜுலு திறந்தார். பெட்ஷீட்டு மயில் திரையில் கழுத்துவரை வந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி திறந்தார். இந்த முறை மயிலுக்குக் கண்கூட வரவில்லை.

திருமலைசாமி கடைக்காரருடைய விரல்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களுக்கும் கைராசி இல்லீங்களா?"

6

முடிவு அ: லேபிள் ஜெயித்தது. தோகையோடு மயில் வந்தது.

முடிவு ஆ: செங்கல் ஜெயித்தது. கிருபாவதி அலுவலகத்துக்கு ஒரு தராசு கேட்டாள்.

முடிவு இ: இரண்டும்

எனக்கு இதில் எதுவும் வேண்டாம். திங்கட்கிழமை அந்த நாற்காலியில் கிருபாவதிதான் உட்காருவாள். மயில் வராவிட்டால் பழி பெட்டிக்குப் போகும், அவள் கைக்கு இல்லை. எனக்கு இது போதும்.

உங்களுக்குப் போதாதென்றால், கோவிந்தராஜுலு திருப்புளியோடு காத்திருக்கிறார். எதை மாட்ட வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சத்தமாக.